தாண்டிக்குடி ஜீப்பில் வந்த எதிரணி

பயிற்சியாளர் உரிமம் வாங்கிக்கொண்டு புதிதாகக் களத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்பது கேட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டிருக்கிறார்கள், ஆகையால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாரை எங்கே நிறுத்துவது, எப்போது மாற்றுவது, எதிரணி மேலேறி வந்தால் எப்படி மடக்குவது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். எங்களுக்குக் கரும்பலகையும் சாக்பீசும்தான். உங்களுக்கு ஒவ்வொரு பையனின் ஓட்டமும் லேப்டாப்பில் கோடு கோடாக வந்து விழுகிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என்றைக்காவது ஒரு நாள், ஜெயிப்பதற்குச் சுலபமான வழி ஒன்று தானாக உங்கள் வாசலில் வந்து நிற்கும். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இருக்காது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் எடுத்துக்கொள் என்பார்கள். அன்றைக்கு லேப்டாப் உதவாது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

அதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் தொழில்முறைக் கால்பந்து அணி வைத்திருப்பதில் இருக்கிற பெரிய வசதி குளிர். நான் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அந்த வசதியை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர். பெயர் வேண்டாம். ஆட்டத்தை அவர் போலப் படிக்கத் தெரிந்தவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் கீழேயிருந்து வருகிற அணிகளுக்குக் கொடுக்கும் அறையில் மட்டும், ஆட்டத்தன்று காலையில் கீசர் தவறாமல் பழுதாகிவிடும். வெயில் ஊர்ப் பையன்கள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் பல் தந்தியடிக்க மைதானத்துக்கு வருவார்கள். "ஊரு குளுருது, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சிரிப்பார் அவர்.

அவருக்குப் பின் பொறுப்பு என்னிடம் வந்ததும் முதல் வேலையாகப் பிளம்பரைக் கூப்பிட்டேன். உடனே என்னை உத்தமன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், வெளியூர் ஒன்றில் எங்களைத் தங்கவைத்த இடத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் விடிய விடிய மேளம் வாசிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். மறுநாள் முழுக்க இருந்த அந்தக் கண்ணெரிச்சல் எனக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான். கீசர் ஓட ஆரம்பித்த பிறகும் நாங்கள் முன்னைப் போலத்தான் ஜெயித்தோம், முன்னைப் போலத்தான் தோற்றோம்.

சரி, எனக்கு வந்த அந்த நாளுக்கு வருகிறேன்.

தங்கப்பாண்டி எங்கள் கேப்டன். தாண்டிக்குடிக்காரன். காபி எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவனை ஒரு உள்ளூர்ப் போட்டியில் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். நடுக்களத்தில் நிற்பான். நின்றால் அங்கே வேறு யாருக்கும் வேலை இருக்காது. எங்கள் கிளப் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. முதல் டிவிஷனில் ஆட வேண்டும் என்பது பாண்டியின் ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்ததே அதில்தான் என்று நான் நினைத்ததுண்டு. "ஒரு மேட்சு சார். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நான் பேசாம ஜீப்புக்கே போயிருதேன்" என்பான்.

நான் சொல்லும் சீசனில் அவனுக்கு முப்பத்துமூன்று வயது தாண்டியிருந்தது. வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு ஆட்டம் தாங்கும், இன்னொரு முழு சீசன் தாங்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே கணக்கு சுலபம். இந்த முறை கிளப் மேலே போனால் அடுத்த வருஷம் முதல் டிவிஷனில் பாண்டி அந்த ஒரு ஆட்டத்தை ஆடிவிட்டுப் போவான். போகாவிட்டால் அவன் கதை முடிந்தது.

எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. எங்கள் ஊரில்தான் ஆட்டம். ஜெயித்தால் நாங்கள் மேலே. டிரா ஆனால்கூடப் போச்சு. வருகிற அணி ஒரு கடலோர ஊரின் கிளப். அவர்கள் நிலைமை நேர் எதிர். தோற்றால் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிடுவார்கள், டிரா செய்தால் தப்பிப்பார்கள். இறங்கினால் அந்தக் கிளப்பையே மூடிவிடுவார்கள் என்றும் பேச்சு இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தீபாவளி விடுமுறைக் கூட்டத்தில் மேலே ரூம் கிடைக்காமல் அவர்கள் வத்தலக்குண்டில் தங்கி, ஆட்டத்தன்று காலையில் வெள்ளனே பஸ்ஸில் கிளம்பியிருந்தார்கள். பிற்பகலில் மேகம் இறங்கி மைதானத்தை மூடிவிடும் என்பதால் எங்கள் ஊரில் ஆட்டம் எப்போதும் முற்பகலில்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய பயிற்சியாளரிடமிருந்து போன் வந்தது.

"சார், ரோட்டுல பெரிய மரம் ஒண்ணு விழுந்து கிடக்கு. மண்ணும் சரிஞ்சு வந்துருக்கு. ஜேசிபி வரணும், சாயங்காலம் ஆயிரும்ங்காங்க. நாங்க பாதி மலையில நிக்கோம் சார்."

அவர் எதுவும் கேட்கவில்லை. தகவலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் பேச்சுக்குப் பின்னால் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. ஐலசா, ஐலசா என்று பத்துப் பதினைந்து குரல்கள். என்ன அது என்றேன். "பயலுவ கயிறு கட்டி மரத்த இழுத்துப் பாக்கானுவ சார். வலை இழுத்த கையி, சொன்னா கேக்க மாட்டக்கானுவ" என்றார். அந்த மரம் என்ன பருமன் இருக்கும் என்று எனக்குத் தெரியும். யானை வந்தாலும் அசையாது.

மேட்ச் கமிஷனர் அமைதியான மனிதர். விதியைச் சொன்னார். குறித்த நேரத்துக்குள் ஓர் அணி வராவிட்டால் வந்திருக்கிற அணிக்கு வெற்றி. ஆனால் சாலை, மழை போன்ற காரணம் என்றால், உள்ளூர் அணி சம்மதித்தால், வெளிச்சம் இருக்கும் வரை ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாம். சம்மதிக்காவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. "உங்க முடிவுதான் சார், சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

எங்கள் செக்ரட்டரி ஹோட்டல் நடத்துகிறவர். விஷயம் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கடவுளாப் பாத்துத் தள்ளிவிட்ட மரம் சார் அது! நாமளா வெட்டிப் போட்டோம்? நாமளா மழையக் கூப்புட்டோம்? ரூல் இருக்கு, நாம இருக்கோம், அவங்க இல்ல. முடிஞ்சுது சோலி!" என்று சொல்லிக்கொண்டே தன் ஹோட்டலுக்குப் போன் போட்டு, பையன்களுக்கு மட்டன் பிரியாணி ஏற்றி அனுப்பச் சொன்னார்.

எனக்கும் முதலில் நெஞ்சு லேசானது என்பதை மறைக்கப் போவதில்லை. பாண்டியின் முகம்தான் கண்ணுக்கு முன் வந்தது. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் அவன் மேலே போய்விடலாம். ஆனால் அந்த ஐலசா காதை விட்டுப் போகவில்லை. வர முடியாது என்று தெரிந்தும் வரப் பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் வராததைக் காட்டி நான் எதை ஜெயிப்பது?

இங்கே ஒன்றை உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் ஆட்டக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, கை தூக்கச் சொல்லாதீர்கள். பார்க்க ஜனநாயகமாக இருக்கும், உண்மையில் நம் பாரத்தை அவர்கள் தலையில் கட்டுவதுதான் அது. முடிவெடுக்கச் சம்பளம் வாங்குவது நாம், முடிவும் நம்முடையது. கமிஷனரிடம் போய், காத்திருக்கிறோம் சார் என்றேன்.

ஆனால் காத்திருந்தால் மட்டும் அவர்கள் வந்துவிட மாட்டார்கள். இன்னொரு வழி உண்டு. பஸ் திரும்பிக் கீழே இறங்கினால், அடிவாரத்திலிருந்து தாண்டிக்குடி வழியாக ஏறி வருகிற பாதை. அவர்களுடைய நீளமான பஸ் அந்த வளைவுகளில் திரும்பாது. ஜீப்தான் வேண்டும். அங்கேதான் சிக்கல். தாண்டிக்குடி ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. மழையில் மண் சரிகிற நாளில் வாடகைக்கு வண்டி இறங்காது. பிரசவம், ஆஸ்பத்திரி, சாவு இதற்கு மட்டும்தான் இறங்கும். மற்றபடி யாருக்காவது வண்டி வேண்டுமென்றால், அந்த ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவன் ஒருவன் இவர்கள் என் ஆட்கள் என்று சொல்லி முன்னால் நிற்க வேண்டும். வழியில் வண்டிக்கு ஒன்று ஆனாலும் ஆளுக்கு ஒன்று ஆனாலும் அவன்தான் பொறுப்பு. செக்ரட்டரி என்ன, கலெக்டரே கேட்டாலும் வேறு வழியில் நடக்காது. எங்களிடம் அப்படி ஒருவன்தான் இருந்தான்.

பாண்டியை அறைக்கு வெளியே கூப்பிட்டேன். முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"காத்திருக்கிறதா கமிஷனர்கிட்ட சொல்லிட்டேன்டா" என்றேன்.

"கேள்விப்பட்டேன் சார்."

"அவங்க வரணும்னா தாண்டிக்குடி வழிதான்."

அவன் உடனே புரிந்துகொண்டான். மைதானத்தைப் பார்த்தான். பிறகு, "சார், இன்னிக்கு இல்லன்னா எனக்கு இனிமே கெடையாது. ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றான்.

"தெரியும்டா."

"தெரிஞ்சும் நான்தான் போன் போடணும்ங்கிறீங்க."

"முடிவு என்னுது. திட்டணும்னா என்னயத் திட்டு. ஆனா நீ சொல்லாம வண்டி எறங்காது."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மழையில் இறங்கி நடந்து, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு போனை எடுத்தான். நான் பின்னாலேயே குடையோடு போனேன். ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர் பேசுவது எனக்கும் கேட்டது.

"மூணு வண்டியா? இந்த மழையிலயா? ஏலே, யாரு ஆளுக?"

பாண்டி கண்ணை மூடிக்கொண்டான். "நம்ம ஆளுகதாண்ணே" என்றான்.

"நம்ம ஆளுகன்னா?"

"என் ஆளுகண்ணே. நான் நிக்கிறேன்."

அதற்கு மேல் அந்தப் பக்கம் ஒரு கேள்வியும் இல்லை. வெரசா எறங்குறோம் என்றார்கள். தன்னை வீழ்த்தப் போகிறவர்களை என் ஆட்கள் என்று சொன்ன ஒருவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

அதன்பின் நான் போனும் கையுமாகத் திரிந்ததில் ஒரு காரியத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். பிரியாணி வந்துவிட்டது. ஜீப்பாவது, வருவதாவது, வருவதற்குள் இருட்டிவிடும் என்று செக்ரட்டரி சொன்னதை நம்பிப் பையன்கள் உட்கார்ந்து ஒரு கட்டுக் கட்டிவிட்டார்கள். மழைக்கும் குளிருக்கும் இதமாக இருந்திருக்கும். நான் அறைக்குள் போனபோது எங்கள் சென்டர் பார்வர்டு ரீகன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். அட்டுவம்பட்டிப் பையன், இருபது வயது, கோபமும் வேகமும் ஒன்றாக உள்ளவன். "சார், ரொம்பக் கொஞ்சம்தான் சாப்ட்டேன்" என்றான். அவன் முன்னால் இருந்த எலும்புக் குவியல் வேறு மாதிரி சொன்னது.

மூன்று மணிக்கு முன்பே ஜீப்புகள் வந்துவிட்டன. சேற்றில் குளித்த மாதிரி இருந்தன. கடலில் புரண்டு வளர்ந்த பையன்கள், மலை வளைவு ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொருவனும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினான். அவர்களுடைய கோல்கீப்பர் நெட்டையான பையன். இறங்கிய கையோடு வேலியோரம் ஓடிப்போய்க் குனிந்துகொண்டான். நிமிர்ந்ததும், "யாருண்ணே பாண்டி அண்ணன்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்துப் பொழச்சு வந்தோம்ணே" என்று சிரித்தான். பாண்டியும் சிரித்தான். அவர்கள் அறையில் வெந்நீர் தாராளமாக வந்தது.

ஆட்டத்தை விவரமாகச் சொல்லப் போவதில்லை. வயிறு காலியாக வந்தவர்கள் ஓடினார்கள், வயிறு முட்டத் தின்றவர்கள் நடந்தார்கள். முதல் பாதியிலேயே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் நான் சொன்ன வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. இரண்டாம் பாதியில் பிரியாணி செரித்ததோ என் வசவு செரித்ததோ தெரியாது, ரீகன் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. எங்களுக்கு இன்னும் ஒன்று வேண்டும். அதற்குள் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. நடுவர் ஒருமுறை ஆட்டத்தை நிறுத்திவைத்துப் பார்த்து, கொஞ்சம் விலகியதும் தொடரவிட்டார். இன்னொரு தடவை மூடினால் இத்தோடு முடித்துவிடுவேன் என்றார்.

கடைசி நிமிஷங்கள். பந்தோடு பாண்டி அவர்கள் பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தான். கோல்கீப்பர் அவன் காலடியில் பாய்ந்தான். பாண்டி விழுந்தான். விசில் ஒலித்தது. நடுவர் கை பெனால்டி புள்ளியைக் காட்டியது.

எங்கள் பெஞ்சு முழுக்க எழுந்து குதித்தது. செக்ரட்டரி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாக ஒரு மங்கல்தான். அடிபட்டானா இல்லையா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பின்னால் பாண்டி சொல்லித்தான் தெரிந்தது. யாரும் அவனைத் தொடவில்லை. தானாகத்தான் விழுந்தான். காலையில் அவ்வளவு பெரிய மனசோடு போன் போட்டவன், சாயங்காலம் பொய்யாக விழுந்தான்.

அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். நேர்மையை ஒரு தடவை செய்துவிட்டால் அந்த நாளுக்கு அது போதும் என்பதில்லை. காலையில் யோசிக்க நேரம் இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். பெனால்டி கட்டத்துக்குள் யோசிக்க நேரம் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. பதினைந்து வருஷ ஆசை காலை மடக்கிவிட்டது. நாளைக்கு உங்கள் அணியில் ரொம்ப நல்ல பையன் ஒருவன் இப்படிச் செய்வான். அப்போது அதிர்ந்துபோகாதீர்கள்.

கீழே கிடந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த நெட்டைக் கோல்கீப்பர்தான் முதலில் அவனிடம் போனான். சண்டைக்குப் போகிறான் என்று நினைத்தேன். அவன் குனிந்து பாண்டியின் முட்டியைப் பிடித்துப் பார்த்திருக்கிறான். "அண்ணே, வசமாப் பட்டுருச்சாண்ணே? மன்னிச்சுக்கோங்கண்ணே. பந்தத்தான் பாத்தேன், ஒங்கள இடிச்சது எனக்குத் தெரியல" என்றானாம். தான் இடித்துவிட்டதாகவே நம்பினான் அந்தப் பையன்.

பாண்டி எழுந்தான். நேராக நடுவரிடம் நடந்தான். ஏதோ பேசினான். நடுவர் அவனை மேலும் கீழும் பார்த்தார், திரும்ப ஏதோ கேட்டார். பாண்டி தலையை ஆட்டினான். நடுவர் கையை இரண்டு பக்கமும் வீசிப் பெனால்டி இல்லை என்று காட்டினார். அப்புறம் பையில் கைவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்துப் பாண்டிக்கே காட்டினார்.

அது சரிதான். பொய்யாக விழுந்தால் மஞ்சள் அட்டை, அதுதான் சட்டம். உண்மையைச் சொன்னதற்காக அட்டை வாங்கிய ஒரே ஆட்டக்காரன் எனக்குத் தெரிந்து அவன்தான். செக்ரட்டரி என்னைக் கட்டிப்பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில் கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. கடலோரப் பையன்கள் சேற்றில் உருண்டு கூத்தாடினார்கள்.

எங்கள் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரீகன்தான் பூட்ஸைக் கழற்றிச் சுவரில் எறிந்துவிட்டு ஆரம்பித்தான்.

"காலைல கூட்டிட்டு வந்தீங்க. ஓக்கே, சார் சொன்னாங்க, செஞ்சீங்க. அத விடுங்க. ரெப்ரீ குடுத்துட்டார்ல? யாரு கேட்டா ஒங்கள? நாங்க ஒரு வருஷம் ஓடுனது என்னாகுறது? ஒங்க பேரக் காப்பாத்த எங்க லைப்ப எடுத்துக் குடுத்துட்டீங்கண்ணே!"

நான் வாயைத் திறக்கப்போனேன். பாண்டி கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"பேருக்காக இல்லலே" என்றான். "நான் பொய்யாத்தான் விழுந்தேன். அந்தப் பய வந்து மன்னிச்சுக்கோண்ணேங்கான். அப்புறம் என்னால முடியல. நீ திட்டுறது ஞாயந்தான். திட்டு."

ரீகன் திட்டவில்லை. அழுதுகொண்டே வெளியே போய்விட்டான். ஆட்டக்காரன் தோற்றுவிட்டு அழும்போது உபதேசம் செய்யாதீர்கள். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. நல்லது செய்தால் யாருக்கும் வலிக்காது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் அதை நம்பாதீர்கள். அன்றைக்கு என் அணி முழுக்க வலித்தது. மிகவும் வலித்தது எனக்கு என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது பாண்டிக்குத்தான்.

மறுநாள் பாண்டி தாண்டிக்குடிக்குப் போய்விட்டான். இனி வரவில்லை என்று எனக்குப் போனில் சொன்னான். முட்டி முழு சீசன் தாங்காது, அணிக்குப் பாரமாக ஏன் நிற்க வேண்டும் என்றான். நானும் வற்புறுத்தவில்லை. செக்ரட்டரி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். என் வேலையும் போய்விடும் என்றுதான் இருந்தேன். அதைக்கூட ஒரு வகையில் நியாயம் என்றுதான் எண்ணினேன்.

பிறகு நடந்தது எனக்குப் பாண்டி சொல்லித் தெரியும். ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் ரீகன் தாண்டிக்குடியில் போய் இறங்கியிருக்கிறான். ஸ்டாண்டில் ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த பாண்டியின் காலைத் தட்டி எழுப்பியிருக்கிறான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் நின்றானாம்.

"எனக்கு இன்னும் கோவம் போகலண்ணே."

"தெரியும்லே. டீ சாப்புடுதியா?"

"டீ இருக்கட்டும். அந்த கீப்பர் எனக்கு மெசேஜ் பண்ணுனான். அவங்க கிளப்ப மூடலயாம். ஒங்களக் கேட்டான். நீங்க ஆட்டத்த விட்டுட்டீங்கன்னு என்னால சொல்ல முடியலண்ணே."

பாண்டி கை மசியைத் துடைத்துக்கொண்டான். ரீகன் விடவில்லை.

"ஒங்க முட்டி ஒரு மேட்ச் தாங்கும்ல?"

"ஒண்ணு தாங்கும்."

"அத வேஸ்ட் பண்ணாதீங்க. வர்ற சீசன் பூரா பெஞ்சுல உக்காருங்க. உக்காந்து எங்களத் திட்டுனாப் போதும். மேல போற வேலைய நாங்க பாத்துக்கிறோம். போனதும் நீங்க எறங்குங்க. பசங்க எல்லாரும் பேசிட்டுத்தான் என்னய அனுப்புனாங்க."

இப்படி ஒரு திட்டத்தை நான் போட்டிருந்தால் செக்ரட்டரி என்னை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார். ஆடாத ஒருவனுக்கு ஒரு சீசன் முழுக்க இடம் வைத்திருப்பது எந்தப் பயிற்சியாளரும் செய்யாத காரியம். ஆனால் பையன்கள் அத்தனை பேரும் அவர் ஹோட்டல் வாசலில் போய் நின்றுவிட்டார்கள். அவருக்கும் ஒரு மனசு உண்டு, பிரியாணி அனுப்பியவர்தானே. கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு சரி என்றார்.

அந்த சீசன் நாங்கள் ஆடியது போல நான் என் வாழ்க்கையில் எந்த அணியும் ஆடிப் பார்க்கவில்லை. ரீகனை இரண்டு தடவை பெனால்டி கட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். இரண்டு தடவையும் எழுந்து ஓடினான். யாரும் தூக்கிக் கொடுக்காமல், எதிரணி வராததால் கிடைக்காமல், ஆடியே மேலே போனோம்.

முதல் டிவிஷனில் எங்கள் முதல் ஆட்டம் பெரிய நகரம் ஒன்றில். நிரம்பிய அரங்கம், விளக்கு வெளிச்சம், எங்களைவிட எல்லா வகையிலும் பெரிய கிளப். அவர்கள் எங்களைப் பிழிந்து காயப்போட்டார்கள். ஆட்டம் கையை விட்டுப் போன பிறகு பாண்டியை இறக்கினேன். ஆள் மாற்றும் பலகையில் பாண்டியின் எண் தெரிந்ததும் ரீகன்தான் மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து, அவனுக்காக வெளியேறுவது தான்தான் என்று அடம்பிடித்தான். வெளியே வரும்போது பாண்டியின் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு வந்தான்.

பந்து பாண்டியின் காலுக்கு அதிகம் வரவில்லை. வந்ததை நல்லபடியாகக் கொடுத்தான். முட்டி நோவதை அவன் நடையில் நான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் செக்ரட்டரியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், குளிர் என்றார். அது வெயில் ஊர்.

இந்த இடத்தில் உங்களுக்கு நான் ஒரு பாடம் சொல்ல வேண்டும். என்னிடம் இல்லை. நாங்கள் அந்த ஆட்டத்தில் மோசமாகத் தோற்றோம். பாண்டி சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.